எல்லாம் கொள்ளும் பெட்டி

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அலுவலகத்தில் ‘ரீஸ்டார்ட்’ என்று சொன்னால்தான் ஆளைத் தெரியும். கம்ப்யூட்டரோ பிரிண்டரோ எது மக்கர் பண்ணினாலும் அவரைக் கூப்பிடுவார்கள். வந்தவுடன் அவர் சொல்வது, “ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.” பாதி வியாதி அதிலேயே குணமாகிவிடும். மீதிப் பாதிக்காகத்தான் அவருக்குச் சம்பளம்.

மாடிப்படிக்குக் கீழே, பழைய மானிட்டர்களும் காலி டோனர் டப்பாக்களும் அடைந்து கிடக்கும் அறையில் அவருடைய மேஜை. உட்கார்ந்து ஒரு மூச்சு விடுவதற்குள் போன் அடிக்கும். “சார், கொஞ்சம் மேல வந்துட்டுப் போங்களேன், சுத்தமா செத்துப் போச்சு.” போய்ப் பார்த்தால் யாரோ பிளக்கைக் காலால் தட்டிவிட்டிருப்பார்கள். குனிந்து சொருகிவிட்டு வருவார். கோபப்படக்கூடத் தெம்பு வேண்டுமே. சாயங்காலம் வீடு திரும்பும்போது பிழிந்து போட்ட துணி மாதிரிதான் இருப்பார்.

வீட்டில் அவருக்குப் பாக்கி இருந்தது ஒரே ஒரு வேலை. பெட்டி.

ஒரு சமயம் அலுவலகத்தில் ஒரு ஹார்டு டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டுவிட்டு உயிரை விட்டது. கணக்குப் பிரிவு அம்மாள் பல வருடமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் அதில்தான் இருந்தது. அவர் அன்று முழுக்க அதோடு மல்லுக்கு நின்றும் ஒரு வரி மிஞ்சவில்லை. அன்றைக்கு அவரைப் பயமுறுத்தியது வேறு விஷயம். மகள் பிறந்த நாளிலிருந்து எடுத்த படம், வீடியோ எல்லாம் மனைவியின் போனில் மட்டுமே இருந்தன. போன் எந்த நேரமும் அவள் கையில். அவளோ வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வந்து லேபில் கொடுக்கிறவள். பஸ்ஸில் ஏறி, படியில் இறங்கி, ஒரு கையில் ஊசிப் பெட்டி, ஒரு கையில் போன். என்றைக்காவது அது கீழே விழுந்தால்?

“வீட்டுக்கு ஒரு சின்ன சர்வர் பண்ணப்போறேன். ரெண்டு டிஸ்க். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும். வந்தவுடனே வீட்ல இருக்கிற எல்லாப் படத்தையும் அதுல ஏத்திடலாம்” என்றார்.

“சீக்கிரம் பண்ணுங்க. போன் ஃபுல்லுனு தினமும் கத்துது” என்றாள்.

அப்போது மகள் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

பெட்டிக்கான பாகங்களைத் தேடுவது ஆரம்பமானது. வீடு சின்னது, கூடத்து அலமாரியின் கீழ்த்தட்டில்தான் இடம். அதனால் பாகங்களை அடைக்கும் கூடு, அதாவது கேபினட், செருப்பு டப்பா அளவுக்கு மேல் போகக்கூடாது. அப்படி ஒன்றைப் பிடித்தார். அதற்குள் சாதாரண பவர் சப்ளை நுழையாது, குட்டிதான் நுழையும். குட்டியின் ஃபேன் கொசு மாதிரி ரீங்காரம் போடும் என்று வாங்கினவர்கள் எல்லாரும் இன்டர்நெட்டில் மூக்கால் அழுதிருந்தார்கள். வேறு கேபினட் பார்த்தார். அதில் ஃபேன் சத்தம் இல்லை, ஆனால் காற்றும் இல்லை, டிஸ்க் வெந்துபோகும். காற்று வருகிற கேபினட் கிடைத்தபோது அதற்குப் பொருந்தும் மதர்போர்டில் டிஸ்க் மாட்ட இடம் குறைவு. இடம் உள்ள போர்டு, தப்பைத் தானே திருத்திக்கொள்ளும் மெமரியை ஏற்காது. ஏற்கும் போர்டு எந்தக் கடையிலும் இல்லை. அது வந்து சேர்ந்தபோது கேபினட்டின் தயாரிப்பையே நிறுத்திவிட்டிருந்தார்கள்.

மனிதர் இதற்கெல்லாம் சளைக்கவில்லை. அலுவலகத்தில் அத்தனை பேருக்கும் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுகிறவர், தன் வீட்டுக்கென்று வரும்போது ஒரு திருகாணியில்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். சாப்பிட்டு எழுந்ததும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவார். மகள் ஏதாவது காட்ட வந்தால், “இரு கண்ணு, இதை மட்டும் பாத்துட்டு வரேன்” என்பார். அந்த ‘இது’ முடிந்தபாடில்லை.

மனைவி நடுநடுவே கேட்டுப் பார்த்தாள்.

“இன்டர்நெட்லயே எங்கேயோ போட்டு வைக்கலாமாமே?”

“அடுத்தவன் கம்ப்யூட்டர்ல நம்ம குழந்தை படத்தையா? சும்மா இரு.”

“அப்போ கடையில விக்கிற அந்தச் சின்ன டிஸ்க்?”

“அது ஒத்த டிஸ்க். கீழ விழுந்தா கதை முடிஞ்சுது. பாதி அங்க, பாதி இங்கன்னு வேண்டாம். எல்லாம் ஒரே இடத்துல ஒழுங்கா இருக்கட்டும். கொஞ்சம் பொறு.”

அப்புறம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அவர் அதைப் பொறுமை என்று எடுத்துக்கொண்டார். புத்திசாலிகளுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

கடைசியில் அந்தப் பாகங்களைத் தேர்ந்தெடுத்தது அவர் இல்லை, அவருடைய களைப்பு. அன்று அலுவலகத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. நாள் முழுக்க படி ஏறி இறங்கி முட்டி விட்டுப்போயிற்று. வீட்டுக்கு வந்தவர் லேப்டாப்பைத் திறந்தார். கண்ணில் பட்ட கேபினட், கையிருப்பில் இருந்த போர்டு, சாதாரண மெமரி, ரெண்டு டிஸ்க். எதையும் ஒப்பிடவில்லை, ஒருத்தர் கருத்தையும் படிக்கவில்லை. ஆர்டர் போட்டுவிட்டுச் சாய்ந்துகொண்டார். இத்தனை நாள் உயிரை வாங்கிய விஷயம் இவ்வளவுதானா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

பார்சல்கள் வந்தன. விடுமுறை நாள் காலையில் கூடத்தில் துணியை விரித்துப் பூட்ட உட்கார்ந்தார். எல்லாம் ஒன்றோடொன்று சமர்த்தாகப் பொருந்தின. ஃபேன் சத்தம் காதில் விழவே இல்லை. ஒரு தடவைகூட ஆஃப் பண்ணி ஆன் பண்ண வேண்டியிருக்கவில்லை.

முதலில் சோதனைக்காகத் தன் போனை ஏற்றினார். ஓடிய படங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிரிண்டரின் சீரியல் நம்பர், திரையில் வந்த எரர், மதர்போர்டு, இன்னொரு மதர்போர்டு, அலமாரித் தட்டை டேப் வைத்து அளந்த படம். மகள் ஒன்றிலாவது இருப்பாள் என்று கடைசிவரை தள்ளிப் பார்த்தார். ஒன்றில் அவள் கை மட்டும் இருந்தது, டேப்பின் மறுமுனையைப் பிடித்தபடி.

மனைவி வேலை முடிந்து மதியம் வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, “போனைக் குடு” என்றார். அவர் குரலில் இத்தனை உற்சாகம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

அவள் துடைத்துக்கொண்டு வருவதற்குள் படங்கள் ஏறி முடிந்துவிட்டன. அவர் கேபிளை உருவி மறுபடி சொருகினார். வேறு கேபிள் போட்டார். போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினார்.

“பாதியில நின்னுடுச்சு போல. கொஞ்சம்தான் வந்திருக்கு.”

“அவ்வளவுதான் இருக்கு” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“எங்க லேபோட ஆப், மாசத்துக்கு ஒரு தடவை புதுசா போடச் சொல்லும். போன்ல இடம் இல்லைன்னா அன்னைக்கு எந்த வீட்டுக்குப் போகணும்னே காட்டாது. பஸ்ல உக்காந்து படத்தை அழிப்பேன். உங்ககிட்ட சொன்னா பொறுன்னுதானே சொல்வீங்க.” நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். சண்டை போடும் குரலில்லை. மருந்துச் சீட்டு படிப்பது போலச் சொன்னாள்.

அவர் இருந்ததைத் தள்ளிப் பார்த்தார். மகள் தவழ்ந்தாள், நின்றாள், பல் விழுந்து சிரித்தாள். பாட்டி தாத்தா வந்தார்கள். சித்தி வந்தாள். பக்கத்து வீட்டுப் பூனைகூட வந்தது. அவர் எதிலும் இல்லை.

“நான் ஒண்ணுலயும் இல்லையே.”

“முதல்ல உங்களைத்தான் அழிச்சேன்” என்றாள். “குழந்தை வளந்துடுவா. வயசானவங்க எத்தனை நாளைக்கோ. நீங்கதான் இங்கயே இருக்கீங்களேன்னு.” சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “ஒரு வீடியோவை அழிக்கத்தான் மனசே வரல. நீங்க அவளைத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு வாசலுக்கும் கூடத்துக்கும் ஓடுவீங்க. பஸ் ரெண்டு ஸ்டாப் போற வரைக்கும் யோசிச்சுத்தான் அழிச்சேன்.”

பெட்டி ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போனைக் கீழே வைத்தார். அப்படி ஓடியதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். தோளில் கனம் இருந்திருக்கும், முடியைப் பிடித்து இழுத்திருப்பாள். ஒன்றும் வரவில்லை. அதையெல்லாம் பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று எப்போதோ விட்டுவிட்டிருந்தார்.

“அதுல அவ என்ன சொன்னா?” என்று கேட்டார்.

மனைவி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்றே நினைத்தார்.

“இறக்கி விடாதேன்னு சொன்னா” என்றாள்.