பங்கரில் பழுத்த கதலி

நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருக்கும் தோர்ன்டன் ஹீத்தில் தமிழ்க்கடைக்குள் நுழைந்ததுமே பழுத்த கதலியின் வாசம் அடித்தது. கூட வந்த என் அண்ணை ஒரு சீப்பைத் தூக்கி முகர்ந்துவிட்டு, "சண்டை தொடங்கின புதுசிலை எவ்வளவு நிம்மதியா இருந்தனாங்கள், என்ன?" என்றார்.

நிம்மதியாம். அந்த நிம்மதிதான் எங்கள் தங்கை கலாவைக் கொன்றது.

யாழ்ப்பாணத்தில், சண்டை மூண்ட கிழமையே அப்பா வீட்டு வளவுக்குள் பங்கர் வெட்டினார். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட அந்தக் குழிக்கு மேலே மாதக்கணக்காக ஒரு விமானமும் வரவில்லை. காற்றுப் புகாத நல்ல குழி சும்மா கிடக்கலாமா என்று அப்பா அதற்குள் வாழைக்குலைகளை இறக்கி, தேங்காய்ப் பொச்சுமட்டையில் புகை போட்டு, வாயைச் சாக்கால் மூடிப் பழுக்க வைக்க, பிறகு அயலாரும் தங்கள் குலைகளோடு வரத் தொடங்க, ஈரமண்ணும் புகையும் பழமும் கலந்த அந்த வாசத்துக்குள்தான் நானும் கலாவும் நாள் முழுக்க விளையாடினோம். ஒருநாள் அவள் ஒரு குலையை மிதித்துவிட்டாள். அப்பா முதுகில் அறைந்தார்.

"இனி குலை கிடந்தா உள்ளுக்கை இறங்கப்படாது, விளங்குதோ?"

"ஓம் அப்பா."

விமானம் வந்த காலையில் நாங்கள் எல்லோரும் குலைகளை மிதித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தோம். ஏழு வயதுக் கலா மட்டும் வாசலில் நின்றாள்.

"அப்பா, குலை கிடக்குது."

"மிதி பிள்ளை, மிதிச்சுக்கொண்டு வா" என்று அப்பா உள்ளிருந்து கத்தினார்.

முதுகில் அறை வாங்கிய பிள்ளை, குண்டு விழும்வரைக்கும் அதை நம்பவில்லை.