நாய் மருந்து

எங்கள் செவலை நாய்க்கு வலிப்பு உண்டு. காலையும் மாலையும் அரை மாத்திரை உள்ளே போனால் ராஜாத்தி மாதிரி திரிவாள். வேளை தவறினால் உதறல் வந்துவிடும். திருப்பதியில் நாங்கள் இருப்பதோ ஏரியைத் தூர்த்துக் கட்டிய தெரு. அதனால் ஐப்பசி பிறந்ததுமே அவளுக்கென்று ஒரு பை கட்டிவிடுவேன். தடுப்பூசி அட்டை, சங்கிலி, தட்டு, போர்த்த என் பழைய புடவை. மாத்திரையையும் டாக்டர் சீட்டையும் ஒரு டப்பாவில் போட்டு, அவசரத்தில் யார் எடுத்தாலும் தெரியட்டும் என்று மேலே கொட்டை எழுத்தில் ‘நாய் மருந்து’ என்று எழுதினேன்.

வீட்டுக்காரர் சிரித்தார். “மனுசனுக்கே இங்க ஒண்ணும் கெடியாது. நாய்க்கு பேக்கிங்கா?”

அந்த வருஷ மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பையோடும் நாயோடும் சித்தூரில் மூத்தார் வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே ஓரகத்தி மூக்கைச் சுளித்தாள். நாயைப் பின்பக்கம் துவைக்கிற கல்லோரம் கட்டச் சொன்னாள். போகட்டும், மேலே கூரை இருந்தது.

மறுநாள் சாயங்காலம் மாத்திரை எடுக்கப் போனால் டப்பாவைக் காணோம்.

“அதுவா? சாக்கடைல கொட்டிட்டேன்” என்றாள் ஓரகத்தி. “பசங்க கீற வூட்டுக்கு வெசத்த எட்த்துக்கினு வர்றியே, உனுக்கு புத்தி கீதா?”

எலி மருந்து எலியைக் கொல்லும். மூட்டைப்பூச்சி மருந்து மூட்டைப்பூச்சியைக் கொல்லும். அப்படியானால் நாய் மருந்தும் நாயைக் கொல்லத்தானே! நாய்க்கும் வைத்தியம் உண்டு என்பது அவள் புத்தியில் எட்டவே இல்லை. கத்திச் சொன்னேன். “நாய்க்கு மாத்திரையாம்” என்று உள்ளே போய்விட்டாள். கொட்டுமுன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மருந்துக் கடைக்கு ஓடினேன். சீட்டு இல்லாமல் அந்த மாத்திரை தரமாட்டார்களாம். “எவரிக்கம்மா?” என்று கடைக்காரர் கேட்டார். நாய்க்கு என்றேன். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாட்டாஸ்பத்திரி அதற்குள் பூட்டியாகிவிட்டது.

விடிந்ததும் உதறல் தொடங்கியது. ஒன்று நிற்பதற்குள் அடுத்தது. ஆட்டோ வருவதற்குள் என் மடியிலேயே அடங்கிவிட்டாள்.

அவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டிய பையில் கடைசியில் உதவியது பழைய புடவை ஒன்றுதான். அதில் அவளைச் சுற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் குழி வெட்டிக்கொண்டிருந்தார். ஓரகத்தி வந்து எட்டிப் பார்த்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“கொட்னத எங்கியோ நக்கிட்ச்சி போல. நல்ல வேள, பசங்க யாரும் துன்னல.”