மூன்றாம் முறை கேட்டேன்

பூடானில் ஒரு மலைப்பள்ளியில் நான்கு வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். போன முதல் மாதமே ஒரு தப்பு செய்தேன். என்னைப் போல வளர்ந்தவள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

ஊரிலிருந்து கொண்டுபோன மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வறுத்து, வெல்லப்பாகில் உருண்டை பிடித்து, பக்கத்து வீட்டிலிருந்த அந்த ஊர் டீச்சரிடம் எடுத்துப் போனேன். அவள் கையால் வாயை மூடிக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்றாள். சரியென்று தட்டோடு திரும்பிவிட்டேன். கோபம்கூட வரவில்லை. கண்டமங்கலம் பக்கத்தில் எங்கள் காலனிக்கு வரும் ஊர்த்தெருக்காரர்கள் தண்ணீர்கூட வேண்டாம் என்பார்கள். மறுபடி கேட்டுச் சங்கடப்படுத்தக் கூடாதென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டு நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவளே கேட்டுவிட்டாள், கொடுக்க மனமில்லாமல் ஏன் கொண்டுவந்தாய் என்று. முதலில் மறுப்பதுதான் அங்கே மரியாதையாம். இரண்டு மூன்று முறை கேட்டால்தான் ஆசையோடு தருகிறார்கள் என்று அர்த்தமாம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தட்டை எடுத்து வந்து மறுபடி மறுபடி நீட்டினேன். அன்று அவள் நாலு உருண்டை தின்றாள்.

ஊருக்கு ஊர் பழக்கம் வேறு, எல்லாவற்றையும் மதிக்க வேண்டும் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே மறுப்பது எதிரில் இருப்பவரைப் பெருமைப்படுத்த. எங்கள் ஊரில் மறுப்பது எங்களைத் தள்ளிவைக்க. இரண்டும் ஒன்றல்ல.

திரும்பி வந்து விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் சேர்ந்தேன். ஸ்டாஃப் ரூமில் எனக்கு எதிரே உட்காரும் தமிழ் டீச்சர், என் டப்பாவைத் தவிர எல்லோர் டப்பாவிலும் கைவைப்பார். முதல் நாள் நீட்டியபோது, "இன்னிக்கு விரதங்க" என்றார். மறுநாள், "வயிறு சரியில்லீங்க" என்றார். பழைய நானாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன்.

மூன்றாம் நாளும் நீட்டினேன்.

"வேணாங்க, சாப்ட்டுட்டுதான் வந்தேன்." அவர் கையில் பக்கத்து டீச்சரின் வடை பாதி இருந்தது.

"சாப்பாடே வேணாமா டீச்சர், இல்ல எங்க வூட்டு சாப்பாடு வேணாமா? தெரிஞ்சிக்கலாம்னுதான் கேக்குறேன்."

அவர் தலை குனிந்துகொண்டார். இப்படிப்பட்ட நேரத்தில் தரையைப் பார்ப்பது எப்போதும் நாங்களாகத்தான் இருக்கும். அன்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி வடையை வைத்துவிட்டு அவர் எழுந்து போனார்.

நான் உட்கார்ந்து டப்பா சோறு முழுவதையும் நிதானமாகச் சாப்பிட்டேன். அப்படிப் பசித்து வெகுநாள் ஆகியிருந்தது.