கோல்கீப்பரை வெளியே கூப்பிட்ட கோச்

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. நாலு பேர் முன்னால் பேசவும் எனக்குக் கூச்சம். ஆனாலும் அந்தக் கோச்சைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

லண்டனில் ஓர் ஐஸ் ஹொக்கி அணிக்கு நான் உதவியாள். ஐஸில் வழுக்கி ஓடும் சப்பாத்துகளின் அடிக்கத்தியைத் தீட்டுவேன், உடுப்புத் தோய்ப்பேன். போட்டி நேரத்தில் ஆட்டக்காரர் உட்கார்ந்திருக்கும் வாங்குக்குப் பக்கத்தில் நின்று ஐஸுக்குப் போகும் சின்னக் கதவொன்றைத் திறந்து மூடுவேன். கோச் வாங்குக்குப் பின்னால் நிற்பார். சத்தம் போட மாட்டார். ஐஸில் ஓடும் வேகத்தில் யாரும் ஒரு நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க ஏலாது. யார் களைத்துவிட்டான், அடுத்து யார் போகவேண்டும் என்று கண்ணாலேயே பிடித்து, தோளில் ஒரு தட்டுத் தட்டுவார். தட்டு வாங்கியவன் ஐஸுக்குள் பாய்ந்துவிடுவான். எனக்கோ பந்துக்குப் பதிலாக அவர்கள் அடிக்கும் அந்தக் கறுப்பு வட்டு எங்கே கிடக்கிறதென்றே பாதி நேரம் தெரியாது.

அந்த வருஷம் அணி தோற்றுக்கொண்டே வந்தது. கடைசிப் போட்டியிலும் தோற்றால் கோச்சுக்கு வேலை இல்லை என்று முதலாளிமார் சொல்லிவிட்டார்கள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் போட்டி முடிய ஒரு நிமிடம்தான் கிடந்தது. நாங்கள் ஒரு கோல் பின்னால். கோச் கையை உயர்த்தினார். எங்கள் கோல்கீப்பர் கோலை அப்படியே விட்டுவிட்டு என் கதவுக்கு ஓடி வந்தார். அவருக்குப் பதிலாக இன்னொருவன் அடிக்கப் பாய்ந்தான்.

ஐஸ் வழிக்கும் வண்டி ஓட்டப் புதிதாகச் சேர்ந்த மன்னார் அண்ணை என் பக்கத்தில் நின்றார். அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னடாப்பா, வீட்டைத் திறந்து போட்டிட்டுக் கலியாணத்துக்குப் போறாங்களோ? விசரோ உன்ரை கோச்சுக்கு?"

"பொறுங்கோ அண்ணை. அடிக்க ஒரு ஆள் கூட வேணுமெண்டுதான்."

"அவங்கள் அடிச்சா?"

"கோல்தான்."

"அப்ப கோச்சின்ரை வேலை?"

"அதுவும் போச்சு."

கோல்கீப்பர் முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஆளில்லாத தன் கோலையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதைத்தான் பார்த்தேன். கோச் ஒருவர்தான் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

எங்கள் ஆட்கள் இரண்டு தரம் அடித்தார்கள். இரண்டையும் மற்றவர்கள் தடுத்துவிட்டார்கள். பிறகு வட்டு எதிராளியிடம் மாட்டியது. அவன் அங்கிருந்தே தள்ளிவிட்டான். அது அவசரமில்லாமல் வழுக்கிக்கொண்டு போய் எங்கள் வெறுங்கோலுக்குள் விழுந்தது.

சனம் எழும்பிப் போகத் தொடங்கியது. சில செக்கன்தான் மிச்சம். கோச்சின் வேலை போய்விட்டது. அது அவருக்கும் தெரியும். அவர் வாங்கோரமாக நடந்து, அடுத்துப் போகவேண்டியவர்களின் தோளை வழக்கம்போலத் தட்டினார். அவர்களும், இன்னும் வெல்லலாம் என்பதுபோல, வாங்குக்கு முன்னாலிருந்த சின்னச் சுவரைத் தாண்டிப் பாய்ந்தார்கள். அவரைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை.

அடுத்த மாதம் அவர் வேறொரு நாட்டு அணிக்குப் போய்விட்டார். அன்று சொல்லாததை இன்று பூசை முடிந்து வந்து எழுதினேன்.

2024 பங்குனி 17, ஞாயிறு.