திருநீறு இட்டுத் துலக்கிய தங்கக் காசு

எனக்கு ஒன்பது வயதிருக்கையில், தாய்மாமாவின் தங்கக் காசு ஒன்றைக் கெடுத்தேன். அன்று அஞ்சியதுபோல், எழுபது கடந்த இந்நாள்வரை நான் கூற்றுவனை நினைத்தும் அஞ்சியதில்லை.

சிக்கல் என்னும் ஊரில் நிலபுலத்தோடு வாழ்ந்த மாமாவுக்குப் பழங்காசு சேர்ப்பதில் தீராத பற்று. உழவுமாட்டுச் சோடியை விற்றுத் தொண்டியில் அவர் வாங்கிய அந்தக் காசு, பத்தொன்பதாம் நூற்றாண்டில், புழக்கத்துக்கு அன்றி மாதிரிக்கென்றே மெருகேற்றிய அச்சில் அடிக்கப்பட்டது. ‘புரூஃப்’ என்பார். அதில் பொறித்த ராணியின் முகத்தைச் சுற்றிய வெற்றிடம் கண்ணாடிபோல் ஒளிரும். விளிம்பைப் பிடித்தன்றி அவரும் அதைத் தொடமாட்டார். “மேல விரலு பட்டுச்சு, கைய ஒடிச்சு அடுப்புல வச்சுருவேன்” என்று பிள்ளைகளை மிரட்டியிருந்தார்.

விடுமுறைக்குச் சென்றிருந்த நான், மாமா குளிக்கப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தேன். காசில் என் முகம் தெரியுமா என்று பார்க்கத்தான். தெரிந்தது. அந்த மகிழ்ச்சியில் கட்டைவிரல் ரேகை ராணியின் கழுத்தருகே படிந்துவிட்டது. பாவாடையால் துடைத்தேன், மங்கல் பரவியது. அம்மா குத்துவிளக்கைத் திருநீறு இட்டுத் துலக்குவது நினைவுக்கு வந்தது. பூசையறைத் திருநீற்றை அள்ளி, ஐந்தெழுத்தை ஓதியபடியே தேய்த்தேன். ரேகை போயிற்று, கண்ணாடியும் போயிற்று. காசெங்கும் மயிரிழை போன்ற கீறல்கள்.

காசைப் பெட்டியில் வைத்து மூடினேன். அன்று மாலை மதுரையிலிருந்து, காசு சேர்ப்போர் சங்கத்தார் மூவர் வரவிருந்தனர். அந்தக் காசைக் கண்டபின்தான் மாமாவைச் சங்கத்தில் சேர்ப்பதா என்று முடிவாகும். அவர்களுடைய கார் வாசலில் வந்து நின்றது. ராமநாதசுவாமி, இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடுகிறேன், என் கையைக் காப்பாற்று என்று கதவோரம் நின்று மன்றாடினேன்.

மாமா பெட்டியைத் திறந்து குனிந்து பார்த்தார். எழுத்துகளின் இடுக்கில் வெண்பொடி. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். விரல்களைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

மூவரில் மூத்தவர் காசை வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தார். “என்னப்பா இது, அண்டா கணக்கா வெளக்கி வச்சிருக்க?”

“நாந்தாண்ணே. செத்த மங்கலாத் தெரிஞ்சுச்சு. துண்ணூறு போட்டுத் தேச்சுப்புட்டேன்” என்றார் மாமா.

“காசு சேக்குறவன் செய்யிற வேலையாய்யா? பேசாம பாத்திரக் கடை வையி!”

மற்ற இருவரும் சிரித்தனர். மாமாவும் சிரித்தார். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார்கள். சங்கத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்னர் அவர்கள் வரவும் இல்லை.

நானோ, ஆண்டவன் மாமாவின் நினைவையே மாற்றிவிட்டான் என்று மெய்சிலிர்த்தேன். தீர்த்தமாட வேண்டுதல் இருப்பதை மட்டும் சொன்னேன். மறுவாரம் மாமாவே ராமேஸ்வரத்துக்கு அழைத்துப் போனார். கடைசித் தீர்த்தம் ஆடி முடிந்ததும் என் தலையைத் துவட்டிக்கொண்டே, “எதுக்குத்தா இந்த வேண்டுதலு?” என்றார்.

“சொன்னாப் பலிக்காது மாமா.”

“சரித்தா. சொல்ல வேணாம்.”

இத்தனை நல்லவருக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்று, ஈரத்தில் நடுங்கியபடி நின்று, நான் அவருக்காக இரக்கப்பட்டேன்.