கேட்பாரற்ற சூரை

முதலில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். பிறகுதான் கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்ப்பார். துறைமுகத்தில் ஏலம் விடும் அவரை எல்லோரும் ‘வெண்கல அக்கா’ என்பார்கள். தொண்டை அப்படி. மீன்பெட்டிமேல் ஏறி நின்று அவர் விலை சொன்னால் ஐஸ் ஆலைவரை கேட்கும். இழுத்தடிக்கும் வியாபாரிகளிடம், “யோவ், பொண்ணு பாக்கவா வந்திருக்க? புடிச்சா கேளு, இல்லன்னா நகரு!” என்பார். சர்க்கரை நோய் உண்டு. டீயில் சர்க்கரை போட விடமாட்டார். கூடவே கிரீம் பிஸ்கட் தின்பார். கேட்டால், “டாக்டர் டீயப் பத்திதான சொன்னாரு?”

பெருந்தொற்று வந்த வாரம் ஓட்டல்கள் மூடின. ஏற்றுமதிக் கம்பெனி பூட்டிக்கொண்டது. லாரிகள் எல்லையோடு நின்றன. ஆழ்கடலுக்குப் போயிருந்த அக்காவின் தம்பிக்கு இதெல்லாம் எட்டவேயில்லை. படகு கொள்ளாத சூரை மீனோடு, விசிலடித்தபடி கரை சேர்ந்தார்.

“என்னக்கா, ஒரு ஈ காக்காயக் காணோம்? யாராச்சும் பெரிய ஆளு செத்துட்டாங்களா?”

“மீன எறக்காதடா. வாங்க ஆளில்ல.”

அக்கா விளையாடுகிறார் என்று நினைத்துத் தம்பி சிரித்தார். பிறகு, முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களைப் பார்த்தார்.

ஐஸ் ஆலையும் ஓடவில்லை. வெயில் ஏற ஏறப் பெட்டிகளிலிருந்து தண்ணீர் ஒழுகியது. அக்கா மீனைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். “காசு வேணாம், சும்மாவே எடுத்துக்குங்க!” மீனிலிருந்து நோய் தொற்றுகிறது என்று யாரோ புரளி கிளப்பியிருந்தார்கள். ஒரு கதவும் திறக்கவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் மட்டும் ஜன்னல் பாதி திறந்தது. “கோச்சுக்காதீங்க சம்பந்தி, வீட்ல கொழந்தைங்க இருக்கு” என்று சொல்லிக் கொக்கி மாட்டிக்கொண்டார் சம்பந்தியம்மாள். அந்தக் குழந்தைகள் அக்காவின் பேரப்பிள்ளைகள்.

இப்போது ஏலம் பழையபடி நடக்கிறது. சம்பந்தி வீட்டுக்கும் போக்குவரத்து உண்டு. ஆனாலும் அன்றைய பேச்சை எடுத்தால் அக்காவின் வெண்கலம் கம்மிவிடுகிறது. “மீனு விலை போகாம இருந்திருக்கு. சும்மா குடுத்தும் வேணாம்னு சொல்லி நான் பாத்ததில்லங்க. கையும் ஓடல, காலும் ஓடல.”

அன்று சாயங்காலத்துக்குள் எல்லாம் நாறிவிட்டது. கடலில் கொட்டுவதைத் தவிர வழியில்லை. முதல் பெட்டியைத் தூக்கிப் படகின் விளிம்பில் வைத்த தம்பி, மீசை நரைத்த மனிதர், அப்படியே சிலையாகிவிட்டார். அக்கா படகில் ஏறினார். ஒரு கையால் தம்பியின் கண்களைப் பொத்திக்கொண்டு, மறு கையால் பெட்டியைக் கவிழ்த்தார்.