ஜெயா அத்தை விற்காத விமானம்

ஜெயா அத்தை இறந்த செய்தியைச் சொல்ல எங்கள் மில் டிரைவர் பள்ளிக்கு வந்தபோது அவர் கையில் அன்றைய பேப்பர் இருந்தது. "அத்தை போயிட்டாவ பாப்பா" என்று அழுதவர், "விளம்பரம் மட்டும் இன்னைக்கும் வந்திருக்கு" என்றார். அழுதுகொண்டே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தையை அறிந்த உங்களுக்கும் வந்திருக்கும்.

ராஜபாளையத்தில் எங்கள் பஞ்சு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியில் நிற்கும் விமானத்தைப் பார்த்திருப்பீர்கள். மேலும் கீழுமாக இரட்டை இறக்கை, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. முன்பு விமானப்படையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஓட்டிப் பழகியது. தாத்தா ஏலத்தில் எடுத்து மகளுக்குக் கொடுத்தார். அத்தை வருடந்தோறும் அதை விற்க விளம்பரம் கொடுப்பார். வருகிறவர்களைப் பெண் பார்க்க வந்தவர்கள்போல உட்காரவைத்து, கேசரியும் பஜ்ஜியும் கொடுத்து, சிரித்த முகமாக மாட்டேன் என்பார்.

கிருஷ்ணன்கோவிலிலிருந்து வந்த ஒருவர், கல்யாண மண்டப வாசலில் நிறுத்தக் கேட்டார். மாப்பிள்ளையும் பெண்ணும் ஏறி நின்று போட்டோ எடுப்பார்களாம்.

"எஞ்சின் ஓடுமான்னு ஒரு வார்த்தை கேட்டியளா?" என்றார் அத்தை.

"அது எங்களுக்கு எதுக்கும்மா?"

"அப்போ இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கிடுங்க. விமானம் கிடையாது."

"விக்கத்தானே விளம்பரம் போட்டிய?"

"வீட்டுல பொண்ணு இருக்குன்னு சொன்னா, கேக்குறவனுக்கெல்லாம் கட்டிக் குடுத்திர முடியுமா?"

வந்தவரும் சிரித்துவிட்டார். பஜ்ஜியை மட்டும் விடவில்லை.

ஆயுத பூஜையன்று விமானத்தை வெளியே தள்ளி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து எஞ்சினை ஓடவிடுவது வழக்கம். ஒரு வருடம் நல்ல மழை. அத்தை கிட்டங்கிக்குள்ளேயே எஞ்சினை ஓடவிட்டார். பின்னால் பஞ்சைப் பிரித்துப் போட்டிருந்தது யாருக்கும் நினைவில்லை. விசிறிக் காற்றில் பஞ்சு பறந்து பூசாரி, சுண்டல் அண்டா, அப்பாவின் மீசை, எல்லாம் வெள்ளை. "ஏட்டி, மூச்சு இருக்கு பாத்தியா!" என்று அத்தை இருக்கையிலிருந்து கத்தினார். அன்று அப்பாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அதே அப்பா இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் ஓட்டல்காரர் ஒருவரிடம் பேசி முடித்துவிட்டார். எஞ்சினைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, வெறும் கூட்டை மொட்டை மாடியில் நிறுத்தி சீரியல் லைட் கட்டுவார்களாம். நாளை பதினாறாம் நாள் காரியத்துக்கு அவரும் வருகிறார். "சின்னப்புள்ள வாயத் தெறக்கக் கூடாது" என்று அப்பா எச்சரித்திருக்கிறார். அவர் அதட்டினாலே எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும். அதனால்தான் வீடு தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன்.

நேற்று அத்தையின் போன் அடித்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண். விமானம் ஓட்டுகிறவராம். முதல் கேள்வியே, "எஞ்சின் ஓடுதா?"

"ஓடுது" என்றேன். நாளைக்கு வரவும் சொல்லிவிட்டேன். அப்பாவுக்குத் தெரியாது.

அத்தையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த மாட்டேனைத்தான். இதுவரை யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. நாளை காரியத்துக்கு வரும் உங்கள் முன்னால் இதைப் படித்து முடித்ததும் அப்பாவிடம் முதல்முறையாகச் சொல்வேன். என் குரல் உடைந்தாலும் எழுந்து போய்விடாதீர்கள்.